விட்டுப்போன ஷ

2-6-57, ஞாயிறு

இன்று நல்ல மழை. எங்கும் போகவில்லை. ஒரு பக்கம் எழுதினேன், கிழித்தேன், மறுபடி எழுதுகிறேன். அறுபத்து நான்கு வயதில் எழுதுகிறவனுக்கு என்ன அவசரம்? போன வருடம்வரை என் பேருக்குக் கட்டைவிரல்தான் இருந்தது. இப்போது ஆறு எழுத்து இருக்கிறது. மருதமுத்து. எழுதிவிட்டுத் தள்ளி வைத்துப் பார்க்கிறேன். நன்றாகத்தான் இருக்கிறது.

கோயில் மண்டபத்தில் பெரியவர்களுக்கு நடக்கும் எழுத்து வகுப்பில் எல்லா எழுத்தும் முடிந்தது. வடமொழி எழுத்து சிலதுதான் பாக்கியாம், பிறகு பார்க்கலாம் என்கிறார் வாத்தியார். அவர் பேரின் முதல் எழுத்தே அதில்தான் இருக்கிறது! அதனால் இந்த நோட்டில் அவர் வெறும் வாத்தியார்.

பழுதுபார்ப்பது என் பிழைப்பு. நான் பழுதுபார்க்கும் சாமானின் பேருக்கும் அப்படி ஓர் எழுத்து வேண்டும். மிசின் என்று எழுதினேன், சிவப்புக் கோடு போட்டார். "தையல் இயந்திரம்னு எழுதுங்கய்யா" என்றார். மலாக்காவில் எவன் அப்படிச் சொல்கிறான்? வெறுமனே தையல் என்று எழுதினேன்: 'என் வீட்டில் பதினொரு தையல் இருக்கிறது.' வாத்தியார் சிரித்த சிரிப்பில் கண்ணாடி கழன்று விழுந்தது. புத்தகத் தமிழில் தையல் என்றால் பெண்ணாம்.

பூங்காவனத்திடம் வந்து சொன்னேன். "பதினொண்ணா? இருக்கிற ஒருத்திக்கே நல்ல சீலை எடுத்துத் தரக் காணோம்" என்றாள்.

5-6-57, புதன்

ஒன்பதாவது தையலைக் குசினி அடுப்போரத்திலிருந்து படுக்கை அறைக்கு மாற்றினேன். இனி எங்களில் ஒருவர் வெளியே படுக்க வேண்டும்.

16-6-57, ஞாயிறு

மலாக்காச் செட்டிகள் வாழும் கம்போங் செட்டியிலிருந்து மீனாச்சி வந்தாள். அவர்கள் பேரில் தமிழ் இருக்கிறது, சாமியிடம் தமிழ் இருக்கிறது. வாயில் மலாய்தான். அவள் சொன்னதை என் தமிழில் எழுதுகிறேன், பெரியவரே என்கிற 'பாக்' மட்டும் அப்படியே.

மகளுக்கு ஆவணியில் கல்யாணம். பெண்ணின் கெபாயாச் சட்டை எல்லாம் அம்மாவின் தையலில் தைக்க வேண்டும் என்று அவளுக்கு ஆசை. ஆனால் எது அம்மாவுடையது என்பதில்தான் தகராறு. அவள் அம்மாவும் பெரியம்மாவும் ஒரே வீட்டில் இருந்தவர்கள். ஆளுக்கொன்று வைத்திருந்தார்கள். சப்பான்காரன் வந்தபோது இரண்டையும் எண்ணெய்த் துணியில் சுற்றி நங்கா என்கிற பலா மரத்தடியில் புதைத்தார்கள். அவன் போவதற்குள் அந்த இரண்டு பேருமே கண்ணை மூடிவிட்டார்கள். பிறகு தோண்டி எடுத்தால், மேல்பூச்சு உரிந்து இரண்டும் ஒன்றுபோல் இருந்தன. அக்காள் பொன்னம்மா ஒன்றைத் தூக்கிக்கொண்டு குருபோங்கில் இருக்கும் கணவன் வீட்டுக்குப் போனாள். மற்றது இவளிடம். என்னிடம் இருப்பதுதான் அம்மாவுடையது என்று இரண்டு பேரும் சொல்கிறார்கள். அன்றிலிருந்து பேச்சில்லை. பன்னிரண்டு வருடம்!

"பாக் முத்து, நீங்க பார்த்துச் சொல்லிட்டா சண்டை முடிஞ்சிடும். அக்கா கல்யாணத்துக்கு வருவா."

"சொன்ன பிறகும் வரலன்னா?" என்றேன்.

அவள் முகம் சுருங்கியது. கேட்டிருக்கக் கூடாது.

23-6-57, ஞாயிறு

மீனாச்சி வீட்டுக்குப் போய்த் தையலின் தலையைக் கழற்றிக் கவிழ்த்துப் பார்த்தேன். அடிநூல் கட்டை படகுபோல் நீளமாக இருந்தால் ஆள் பழசு. அதைக் கை தடவியே சொல்லிவிடும். கம்பெனி பொறித்த எண்ணைத்தான் கண்ணால் பார்க்க வேண்டும். மெல்லிய தாளை வைத்துப் பென்சிலால் தேய்த்தேன். எண் தெளிவாக எழும்பியது. முன்னால் எழுத்து ஒன்றும் இல்லை.

வெறும் எண் என்றால் போன நூற்றாண்டுச் சரக்கு. எண்ணுக்கு முன்னால் எழுத்து வந்தது இந்த நூற்றாண்டில். கம்பெனியில் வேலை பார்த்த காலத்தில் இதை எல்லாரும் பேசுவார்கள், நான் தலையாட்டுவேன். இன்றுதான் நானே பார்த்தேன். எவ்வளவு நேரம் அந்தத் தாளையே பார்த்துக்கொண்டிருந்தேன் தெரியுமா?

ஆனால் அவள் அம்மாவின் தையல் கல்யாணத்தின்போது கடையிலிருந்து புதிதாக வந்ததாம். அந்தக் கல்யாணம் நடந்தது இந்த நூற்றாண்டில். அப்படியானால் மீனாச்சியிடம் இருப்பது பெரியம்மாவுடையதா? மற்றதையும் பார்க்காமல் வாய் திறக்க மாட்டேன்.

தாலி வேறு நைந்திருக்கிறது. கீழ்ச் சக்கரத்திலிருந்து மேல் சக்கரத்துக்கு ஓடும் தோல் கயிறு. மலாயில் கயிறு என்றால் தாலிதானே. நாற்பது வருடமாக மலாய்க்காரர், சீனர், செட்டி எல்லார் வீட்டிலும் அது தாலி. என் வாயிலும் அதுதான் வருகிறது.

7-7-57, ஞாயிறு

எங்கள் தெருக் கலியாணசுந்தரத்தின் லாரியில் ஏறிக் குருபோங் போனேன். பொன்னம்மா வாசலிலேயே மறித்துக்கொண்டாள்.

"அவ அனுப்பிச்சாளா? என் தையல நான் செத்த பிறகு வந்து பாருங்க."

"மகளுக்குக் கல்யாணம்மா."

"யார் மகளுக்கு?"

ஆனால் காப்பி கொடுத்தாள். சீனி தாராளமாக இருந்தது. கோபக்காரி போடும் காப்பி இல்லை அது. மூலையில் அந்தத் தையல், மடிப்புக் கலையாத துணி போர்த்தி நின்றது. அதன்மேல் ஒரு தகரப் பெட்டி. நான் பார்ப்பதைப் பார்த்தாள்.

"அம்மா சாமானெல்லாம் அதுலதான். ஒரு புதுத் தாலிகூட வாங்கி வச்சிட்டுப் போனாங்க. தோல் இன்னும் மெத்துன்னு இருக்கு. அவகிட்ட இருக்கா அது?"

20-7-57, சனி

மீனாச்சியின் தாலி அறுந்தேவிட்டது, கெபாயாவுக்குக் கை தைக்கும்போது. கடையில் வேறு கிடைக்கும். ஆனால் அக்காளை வரவழைக்க இதைவிட நல்ல சாக்கு கிடைக்குமா?

கலியாணசுந்தரம் நாளைக் காலை குருபோங் போகிறான். வாயால் சொல்லி அனுப்பலாம். எழுதி அனுப்ப வேண்டும் என்று ஆசை. என் கையால் இன்னொருவருக்கு நான் எழுதும் முதல் சீட்டு! 'மீனாச்சியின்' என்று தொடங்கியதும் நின்றுவிட்டேன். அடுத்த சொல்லுக்கு எழுத்து இல்லை. தையல் என்று போட்டால் வாத்தியார் சிரித்ததுபோல் சிரிப்பார்கள். அந்தச் சொல்லையே விட்டுவிட்டேன். எதைப் பற்றி என்று பொன்னம்மாவுக்குத் தெரியாதா என்ன?

'மீனாச்சியின் தாலி அறுந்துவிட்டது. அம்மாவின் பெட்டியை எடுத்துக்கொண்டு உடனே வரவும். இப்படிக்கு, மருதமுத்து.'

ஒரு பிழை இல்லை. அவளுக்குத் தமிழ் படிக்க வராது, அவள் பக்கத்து வீட்டு ருக்மணி படித்துச் சொல்லுவாள்.

21-7-57, ஞாயிறு

எழுதக் கை வரவில்லை. ஐயோ, நான் என்ன செஞ்சுட்டேன்.

மத்தியானம் மீனாச்சி வீட்டில் மிதியை மாட்டிக்கொண்டிருந்தேன். அவள் கணவன் ராமச்சந்திரன் முன்னறையில் சாப்பிட்டுக்கொண்டிருந்தார். வாசலில் வாடகைக் கார் நின்றது. பொன்னம்மா தலைவிரி கோலமாக இறங்கி ஓடிவருகிறாள். மார்பில் அடித்துக்கொண்டு ஒரு கத்தல். பின்னால் இரண்டு மகன்கள், ஒருவன் கையில் மாலை, இன்னொருவன் கையில் அந்தத் தகரப் பெட்டி. தெருவே திரண்டுவிட்டது.

ராமச்சந்திரன் சோற்றுக் கையோடு வெளியே வந்தார்.

"சியாப்பா மாத்தி?" என்று கேட்டார். யார் செத்தது என்று.

பொன்னம்மா அவரைப் பார்த்தாள். அழுகை பாதியில் நின்றது. "லூ லா!" என்றாள். நீதான்!

மாலை வைத்திருந்த பையன் அதை முதுகுக்குப் பின்னால் மறைத்தான்.

அதற்குள் மீனாச்சி ஓடிவந்தாள். பொன்னம்மா அவள் கழுத்தைப் பிடித்து ரவிக்கைக்குள் கையை விட்டுத் தேடினாள். மஞ்சள் கயிறு கையில் வந்தது. அதைப் பிடித்தபடியே தரையில் உட்கார்ந்துவிட்டாள். தங்கையையும் கீழே இழுத்து, முதுகில் ஓங்கி ஓர் அடி. "பன்னெண்டு வருசமா ஒரு சொல் இல்ல! இதைச் சொல்லத்தான் சீட்டு அனுப்புவியாடி?" மீனாச்சிக்கு ஒன்றும் புரியவில்லை. ஆனாலும் அழுதாள். இரண்டு பேரும் அழுதார்கள்.

சீட்டைக் கொண்டுவந்து என்னிடம் நீட்டினார்கள். ருக்மணி சரியாகத்தான் படித்திருக்கிறாள். தமிழில் படித்தால் மீனாச்சியின் தாலி மீனாச்சியின் தாலிதான். அந்த ஒரு சொல்லை விட்டவன் நான்தான்.

ராமச்சந்திரன் என்னை அடிப்பார் என்று நினைத்தேன். "கல்யாண வீட்டுல சாவுச் சேதி!" என்று கத்தத்தான் செய்தார். பிறகு மாலையைப் பார்த்தார். "மல்லி. நல்ல மாலையாத்தான் வாங்கியிருக்கா" என்றார். யாரோ சிரித்துவிட்டார்கள். அப்புறம் யாராலும் நிறுத்த முடியவில்லை.

பொன்னம்மா மட்டும் சிரிக்கவில்லை. பெட்டியைத் திறந்து அந்தத் தோல் தாலியை எடுத்து என் முன் போட்டாள். "சாவுக்குத்தான் வந்தேன். கல்யாணத்துக்கு வருவேன்னு நினைச்சுக்காதீங்க" என்று சொல்லிவிட்டுப் போனாள்.

எழுத்து வேணாம். ஒண்ணும் வேணாம். விரலே போதும் எனக்கு.

22-7-57, திங்கள்

இரண்டு நாளைக்குப் பேசாமல் இருக்கலாம் என்று நினைத்தேன். பூங்காவனம் விடவில்லை. "எழுத்து தெரிஞ்சதால வந்த வினையா இது? தெரியாததால வந்தது. போங்க, போய் மிச்சத்தையும் படிச்சிட்டு வாங்க" என்று சட்டையை எடுத்து நீட்டினாள்.

வாத்தியார் சிரிக்கவில்லை. கரும்பலகையில் ஒரே ஓர் எழுத்தைப் பெரிதாக எழுதினார். நான் அதை நோட்டு முழுக்க எழுதினேன். ஷ ஷ ஷ ஷ. வயிறு பெரிதாக, வால் சிறிதாக வந்தது. மறுபடி எழுதினேன்.

மெஷின். மெஷின். மெஷின்.

பிறகு மிச்ச எழுத்துகளையும் எழுதிக் காட்டினார். வாத்தியார் பேர் ஜெயபாலன்.

வீடு திரும்பும் வழியில் ஜாலான் துக்காங் எமாஸில் இறங்கிப் பொய்யாத பிள்ளையாருக்கு ஒரு தேங்காய் உடைத்தேன். நானும் பொய் எழுதவில்லை, பிள்ளையாரே. ஓர் எழுத்துத்தான் விட்டுப்போயிற்று.

4-8-57, ஞாயிறு

பொன்னம்மா என் வீட்டுக்கே வந்துவிட்டாள், மெஷினை லாரியில் போட்டுக்கொண்டு. மீனாச்சிக்குத் தெரியக் கூடாது என்றாள். தாள் வைத்துத் தேய்த்தேன். எண்ணுக்கு முன்னால் ஓர் எழுத்து எழும்பியது. ஒரு கம்பு, வலப்பக்கம் இரண்டு கை. கம்பெனிக்காரர்கள் எஃப் என்பார்களே, அது.

"உங்ககிட்ட இருக்கிறதுதான்மா அம்மாவோடது" என்றேன்.

குதிப்பாள் என்று பார்த்தேன். குதிக்கவில்லை. வெகுநேரம் சக்கரத்தைக் கையால் சுற்றிக்கொண்டிருந்தாள்.

"அப்ப பெரியம்மாவோடது அவகிட்ட" என்றாள். "அவ பொறந்தப்ப அம்மாவுக்குப் படுத்த படுக்கையாக் காய்ச்சல், பாக் முத்து. பால் இல்ல. பெரியம்மாதான் பால் கொடுத்தாங்க. பேச்சு வந்ததும் அவங்களைத்தான் மாக்னு கூப்பிட்டா. அம்மாவுக்கு அது தாங்கல. அதனால அவகிட்ட யாரும் சொன்னதில்ல."

 பூங்காவனம் காப்பி கொண்டுவந்து வைத்தாள். மாக் என்றால் அம்மா. அது எனக்கும் தெரியும், பூங்காவனத்துக்கும் தெரியும்.

"உங்களுக்கு அந்தக் கோயில் எழுத்து வருமில்ல? இதோட மூடுபெட்டில அம்மா மெஷின்னு எழுதுங்க. அவளோடதுலயும் எழுதுங்க. ஒரே மாதிரி."

"ரெண்டுலயுமா? பொய்யாயிடாதா?"

"எது பொய்?" என்று கேட்டாள் பொன்னம்மா. "அவகிட்ட நானே சொல்றேன்."

6-8-57, செவ்வாய்

சொல்லிவிட்டாளாம். மீனாச்சி தன் மெஷின்மேல் கையை வைத்தபடி விளக்கேற்றும் நேரம்வரை உட்கார்ந்திருந்தாள் என்று ராமச்சந்திரன் சொன்னார். பிறகு எழுந்து அக்காளுக்குச் சோறு போட்டாளாம்.

31 ஆகஸ்ட் 1957, சனி

மாதத்தின் பேரை இன்று முழுசாக எழுதியிருக்கிறேன், ஸ் போட்டு. மெர்டேக்கா, விடுதலை! பண்டார் ஹிலிர் திடலில் கால் வைக்க இடமில்லை. எல்லார் வீட்டிலும் கொடி. எங்கள் வீட்டுக்கு எப்படிக் கொடி வந்தது என்று பார்த்தால், பூங்காவனம் எனக்குத் தெரியாமல் ஒன்பதாவது மெஷினில் தைத்திருக்கிறாள். "இது இருந்துட்டுப் போகட்டும். மத்த பத்தையும் பத்திப் பேசுவோம்" என்கிறாள்.

8-9-57, ஞாயிறு

கல்யாணம் முடிந்தது. பெண்ணின் கெபாயா மீனாச்சி மெஷினில் தைத்தது, கைக்குட்டையும் மற்றதும் பொன்னம்மா மெஷினில். தாலி கட்டும்போது பொன்னம்மா பெண்ணின் பக்கத்திலேயே நின்றாள். ராமச்சந்திரன் மல்லி மாலை போட்டுக்கொண்டு எல்லாரிடமும் தான் செத்துப் பிழைத்த கதையைச் சொன்னார்.

இரண்டு மெஷினையும் முன்னறையில் அருகருகே வைத்திருந்தார்கள். மூடுபெட்டிகளில் நான் மஞ்சள் பெயிண்டில் எழுதியது. ஜெயபாலன் வாத்தியார் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு குனிந்து உரக்கப் படித்தார்: "அம்மா மெஷின். அம்மா மெஷின்." சிவப்புக் கோடு போட ஒன்றும் இல்லை.

இரண்டாவது பெட்டியில் ஷ கொஞ்சம் சாய்ந்துவிட்டது. மீனாச்சி விரலால் அதைத் தடவிப் பார்த்துவிட்டு, தன்னுடையதுதான் அழகு, அதுதான் ஆடுகிற மாதிரி இருக்கிறது என்றாள். நேராக நிற்கிறதுதான் எழுத்து என்றாள் பொன்னம்மா. இரண்டு பேருக்கும் படிக்க வராது. சத்தம் குசினிவரை கேட்டது. கடைசியில், "பாக் முத்துவைக் கூப்பிடு, அவர் சொல்லட்டும்" என்றார்கள்.

காது கேட்காதவன்போல் பாயசம் வாங்கப் போய்விட்டேன்.