இரண்டு நூல் சரிவு

அன்புள்ள மாப்பிள்ளைக்கு,

உங்கள் மச்சான் எழுதிக்கொள்வது. இங்கே எல்லோரும் சுகம். என் இடுப்பு மட்டும் என்னோடு கோபித்துக்கொண்டு தனிக்குடித்தனம் நடத்துகிறது. நீங்கள் அந்த வெளிநாட்டு வெயிலில் தலைக்குத் துணி கட்டாமல் நிற்பதில்லையே?

முதலில் ஒரு மானக்கேட்டைச் சொல்லிவிடுகிறேன். நம் செட்டில் இருக்கும் நெட்டைக் கொத்தனார், அதுதான் நம்ம கொக்கு, உங்களுக்குப் போன் போட்டுச் சொல்வதற்குள் நானே சொல்லிவிட்டால் கொஞ்சம் மரியாதை மிஞ்சும். போன மாதம் நான் டைல் போட்ட பாத்ரூமில் இன்ஜினியர் ஒரு வாளித் தண்ணீரைக் கொட்டிப் பார்த்தார். தண்ணீர் மூலையில் இருந்த ஓட்டையை ஏறெடுத்தும் பார்க்கவில்லை. நேராக வாசலைத் தாண்டி, படுக்கையறைக்குள் புகுந்து, இன்ஜினியரின் ஷூவை நனைத்த பிறகுதான் நின்றது. ஒன்றல்ல, நாலு பாத்ரூம். நாலிலும் அதே ஊர்வலம். பதினோரு பேர் சுற்றி நின்று பார்க்க, முப்பது வருஷ மேஸ்திரி நான், சாக்கைப் போட்டுத் தரையைத் துடைத்தேன்.

எனக்கு இந்தப் பக்கத்தில் ‘தண்ணி மேஸ்திரி’ என்று பெயர் என்பது உங்களுக்குத் தெரியும். ஒரு சொட்டு குடிக்காதவனுக்கு இந்தப் பெயர் வந்தது, என் பாத்ரூமில் ஒரு சொட்டுகூடத் தேங்காது என்பதால்தான். இன்ஜினியர் அதைத்தான் கேட்டார், இத்தனை வருஷமா நல்லாத்தானே போட்டீங்க, இப்ப என்ன வந்துச்சு என்று. உடம்பு சரியில்லை என்றேன். அது பொய். உடம்பு சரியில்லாமல் இருந்தது உங்கள் சின்னவளுக்கு. (பயப்பட வேண்டாம், காய்ச்சல் விட்டு மூன்று வாரமாகிறது. இப்போது வீட்டைத் தலைகீழாகப் புரட்டிக்கொண்டிருக்கிறாள்.) அவளைப் பார்த்துக்கொள்ள, எனக்குக் கலவை சுமக்கும் என் தங்கை, அதாவது உங்கள் வீட்டுக்காரி, இரண்டு வாரம் வேலைக்கு வரவில்லை.

திரும்பி வந்தவள் அந்தத் தரையை ஒரு நிமிஷம் பார்த்தாள். அப்புறம் சாதாரணமாக, உப்புக் குறைவு என்று சொல்கிற மாதிரி, நீங்க எப்பவும் வாசல் பக்கம் இரண்டு நூல், கால் இஞ்சு, இறக்கிடுவீங்கண்ணா என்றாள். எப்பவும் என்றால் எப்போதிருந்து என்று கேட்டேன். எனக்குத் தெரிஞ்சு ஏழு வருஷமா என்றாள்.

விஷயம் இதுதான் மாப்பிள்ளை. காலையில் நான் கலவையைப் பரப்பி மட்டம் பார்ப்பேன். மதியச் சாப்பாடு ஆனதும் சிமெண்ட் மூட்டையில் தலை வைத்து அரை மணி நேரம் கண்ணை மூடுவேன். எழுந்துதான் டைல். அந்த அரை மணி நேரத்தில் இவள் மட்டப்பலகையை என் கலவை மேல் வைத்து, உங்கள் பெரியவனிடம் வாங்கிய கோலிக்குண்டு ஒன்றைப் பலகையில் விடுவாளாம். குண்டு வாசல் பக்கம் உருண்டால், கலவையைச் சீவி, ஓட்டைப் பக்கம் உருளும்வரை சரி செய்வாளாம். பிறகு கொத்துக் கரண்டியைக் கழுவி, நான் வைத்த இடத்திலேயே வைத்துவிடுவாளாம். நான் எழுந்து, ஆகா, என்ன கை நம் கை என்று டைல் ஒட்டுவேன். ஏழு வருஷம் நான் தூங்கித் தூங்கிப் பேர் வாங்கியிருக்கிறேன்.

ஏன் சொல்லவில்லை என்று கேட்டேன். சொன்னா தூங்காம உட்கார்ந்து நீங்களே பார்ப்பீங்க, அப்புறம் எனக்குக் கரண்டி ஏது என்றாள். எனக்குச் சிரிப்பதா, சாக்கைப் போர்த்திக்கொண்டு ஓடுவதா என்று தெரியவில்லை.

சரி, இப்போது நீங்கள் கோபித்துக்கொண்ட விஷயத்துக்கு வருகிறேன். போனில் சொன்னால் துண்டித்துவிடுகிறீர்கள். கடிதத்தைத் துண்டிக்க முடியாது. கிழிக்கலாம், ஆனால் கிழிப்பதற்கு முன் படித்துவிடுவீர்கள், உங்களை எனக்குத் தெரியாதா.

பயிற்சி நிலையத்திலிருந்து ஹெல்மெட் போட்ட ஒரு டீச்சரம்மா வந்தார். கட்டட வேலையில் கலவை சுமக்கும் பெண்களைக் கொத்தனாராக்கப் பதினாறு வாரம் படிப்பு. காலையில் வகுப்பு, மதியம் வேலையிடம். முடித்தால் சான்றிதழ். ஆனால் ஒரு நிபந்தனை: அந்தப் பெண்ணுக்கென்று தனியாகச் சுவரும் தரையும் கொடுப்பேன், திரும்பக் கலவைச் சட்டி தூக்கச் சொல்ல மாட்டேன் என்று ஒரு மேஸ்திரி கையெழுத்துப் போட வேண்டும். நான் போட்டேன். வீரத்தால் அல்ல. இன்ஜினியரின் ஷூ இன்னும் கண்ணில் நிற்கிறது.

கொக்குதான் குதித்தான். இவ கட்டினா நான் கலவை சுமக்கணுமா என்று கேட்டான். உங்கள் வீட்டுக்காரி சட்டியை அவன் முன்னால் வைத்து, மூணு மாடி ஏத்திப் பாருங்கண்ணே, பேச்சு தானா குறையும் என்றாள். ரோஷத்தில் தூக்கிக்கொண்டு போனான். இரண்டாவது மாடியில் உட்கார்ந்துவிட்டான். அன்றிலிருந்து வேலையை விட்டுப் போகிறேன் என்று தினமும் சொல்கிறான், தினமும் எட்டு மணிக்கு வந்துவிடுகிறான்.

டீச்சரம்மா இன்னொன்றும் கேட்டார். இங்கே பெண்களுக்குக் கழிப்பறை எங்கே என்றார். நான் அண்ணாந்து பார்த்தேன், மேலே எங்கோ இருக்கிற மாதிரி. மாப்பிள்ளை, நாம் எத்தனை வீட்டுக்கு எத்தனை பாத்ரூம் கட்டியிருப்போம்? இந்தப் பெண்கள் காலையில் குடிக்கும் தண்ணீர்தான், வீட்டுக்குப் போகும்வரை வேறு குடிப்பதில்லை. இது எனக்குத் தெரியவே தெரியாது என்று சொன்னால் அதுவும் பொய். தெரியும், யோசித்ததில்லை. இப்போது உள்தாழ்ப்பாளோடு ஒன்று கட்டியாகிவிட்டது. சுவர் நான், தரை அவள். தண்ணீர் சொன்ன பேச்சைக் கேட்கிறது.

நீங்கள் அவளிடம், ஒரு வீட்டில் இரண்டு கொத்தனார் எதற்கு, நான்கு பேர் சிரிப்பார்கள் என்றீர்களாம். அந்த நான்கு பேரில் முதல் ஆளே நான்தான். பத்து வருஷத்துக்கு முன்னால் என்னிடம் வந்து கரண்டி பிடிக்கக் கற்றுக்கொடுங்கண்ணா என்று கேட்டாள். முதல்ல கலவையைச் சிந்தாம கொண்டு வா என்று சொல்லிச் சிரித்தேன். மற்றவர்களும் சிரித்தார்கள். அவளும் எங்களோடு சேர்ந்து சிரித்தாள். அதனால் அது வேடிக்கை என்றே நினைத்துக்கொண்டேன்.

நீங்கள் என்னிடம் கையாளாக வந்து ஒன்றரை வருஷத்தில் கரண்டி பிடித்தீர்கள். உங்கள் முதல் சுவர் தொப்பை போட்டது. இடிக்கச் சொன்னேன். மறுபடி கட்டினீர்கள், மறுபடி தொப்பை. மூன்றாவதுதான் நேராக நின்றது. வேலை கற்றுக்கொள்ள இரண்டு சுவர் கெடுக்க உங்களுக்கு இடம் கொடுத்தேன். பன்னிரண்டு வருஷமாகக் கலவை சுமக்கிறவளுக்கு ஒரே ஒரு தடவை கெடுத்துப் பார்க்கக்கூட இடம் கொடுத்ததில்லை. அவள் கெடுக்காமலே கற்றுக்கொண்டாள். இதை மட்டும் அவளிடம் சொல்லிவிடாதீர்கள், அப்புறம் என்னை ஒரு கலவை போடவிட மாட்டாள்.

இன்னொன்று. இதை அவள் உங்களிடம் சொல்லியிருக்க மாட்டாள். வலது முழங்காலில் நீர் கோத்திருக்கிறது. பாரத்தோடு இனிப் படி ஏறக் கூடாது என்று டாக்டர் சொல்லிவிட்டார். ஆக, சட்டி இனிமேல் கிடையாது. கரண்டியும் இல்லையென்றால் வீட்டில்தான் உட்கார வேண்டும். உட்காரட்டுமே என்று நீங்கள் சொல்லலாம். அவள் உட்கார்ந்து நீங்கள் பார்த்திருக்கிறீர்களா? நான் பார்த்ததில்லை. போன ஞாயிற்றுக்கிழமை பார்த்தேன். படிவத்தை நாலாக மடித்து அரிசி டின் மேல் வைத்துவிட்டு, அதற்கு எதிரில் சும்மா உட்கார்ந்திருந்தாள். என் கையெழுத்து இருக்கிறது, டீச்சரம்மா கையெழுத்து இருக்கிறது, அவள் கையெழுத்து மட்டும் இல்லை. சட்டப்படி உங்கள் சம்மதம் யாரும் கேட்கவில்லை. அவள்தான் கேட்கிறாள். வாய் திறந்து கேட்க மாட்டேன் என்கிறாள், அதனால் நான் கேட்கிறேன்.

படிவம் கொடுக்க இன்னும் இருபது நாள் இருக்கிறது. இந்தக் கடிதம் உங்கள் கைக்கு வர எட்டு நாள் ஆகும். மிச்சமிருக்கும் பன்னிரண்டு நாளில் ஒரு நாள், ஒரே ஒரு போன் போடுங்கள். எனக்கு வேண்டாம், அவளுக்குப் போடுங்கள். பெரிதாக ஒன்றும் பேச வேண்டாம். எந்தப் பக்கம் சரிவு கொடுத்தே என்று கேளுங்கள், போதும். அதற்கு அவள் அரை மணி நேரம் பதில் சொல்வாள்.

நல்லபடியாக இருங்கள். நேரத்துக்குச் சாப்பிடுங்கள். உயரத்தில் ஏறும்போது பெல்ட்டை மாட்டிக்கொள்ளுங்கள், உங்களை நம்பி இங்கே மூன்று பேர் இருக்கிறார்கள் என்று எழுத நினைத்தேன், என்னைச் சேர்த்தால் நான்கு. உங்கள் கை கட்டும் சுவர் நேராக நிற்க வேண்டும் என்று எப்போதும் வேண்டிக்கொள்ளும்,

உங்கள் மச்சான்.

உறைக்கு வெளியே இடது கையால் கிறுக்குகிறேன். வலது கை விரல் இரண்டை டைல் கட்டர் பதம் பார்த்துவிட்டது. அதனால் நான் சொல்லச் சொல்ல உங்கள் வீட்டுக்காரிதான் எழுதினாள், உள்ளே கையெழுத்தைப் பார்த்ததுமே உங்களுக்குத் தெரிந்துவிடும். வாசித்துக் காட்டு என்றேன். வேலை கிடக்கிறது என்று ஒட்டிவிட்டாள். நான் சொன்னது இரண்டு பக்கம். அவள் மடித்து உள்ளே வைத்தது நாலு தாள்.