அக்காவின் முட்டி

மார்ச் 4

அன்புள்ள தம்பிக்கு அக்கா எழுதுவது,

போன் செய்தால் நீ எடுப்பதில்லை, அதனால்தான் கடிதம். புது முட்டி ஒழுங்காக வேலை செய்கிறது. படி ஏறுகிறேன். உன்னைத் திட்டவும் தெம்பு இருக்கிறது.

உன் ஆய்வுக்கூடத்திலிருந்து எனக்கு ஒரு கடிதம் வந்தது. ஆபரேஷனில் என் முட்டியிலிருந்து வெட்டியெடுத்ததைச் சோதித்தார்களாம். அதில் புரோட்டியோகிளைக்கான் என்ற பொருள் கிட்டத்தட்ட இல்லையாம். மண்டியிட்டு வேலை செய்யாத ஒருத்திக்கு நாற்பத்தொன்பது வயதில் இப்படி ஆகாதாம். பரம்பரைக் கோளாறாக இருக்கலாம், மகளை ரத்தப் பரிசோதனைக்கு அனுப்புங்கள் என்கிறார்கள். அவளுக்கு இது மூன்றாம் மாதம். "அம்மா, என் குழந்தைக்கும் வருமா?" என்று கேட்டுக் கேட்டு அழுகிறாள். நீ அங்கேதானே டாக்டராக இருக்கிறாய்? உனக்குத் தெரியாமலா எழுதினார்கள்?

அக்கா

மார்ச் 9

அன்புள்ள அக்கா,

பயப்படாதே. அந்தப் பொருள் முட்டிக் குருத்தெலும்பில் தண்ணீரைப் பிடித்து வைத்திருக்கும். அதனால்தான் அது மெத்தை மாதிரி அமுங்கி எழும்புகிறது. பிறவிக் குறையாலும் அது போகலாம், வருஷக்கணக்காக நசுங்கினாலும் போகலாம். உனக்கு எது என்று விசாரிக்கிறேன். இங்கே வேலை கொஞ்சம் நெருக்கடி.

தம்பி

மார்ச் 15

தம்பிக்கு,

என்னடா விசாரிக்கப் போகிறாய்? இருபத்திரண்டு வருஷம் ஆபீஸ் ஆபீஸாக மண்டி போட்டுத் தரை தேய்த்தவள் நான். பள்ளிக்கூடம் விட்டு வந்து அந்த ஈரத்தில் நடந்து என்னிடம் திட்டு வாங்கியவன் நீ.

ஆபரேஷனுக்கு முன்னால் ஆஸ்பத்திரிப் படிவத்தில் தொழில் என்ற இடத்தில் 'வீட்டில் இருப்பவர்' என்று நீ எழுதியதைப் பார்த்தேன். உன் சிநேகிதர்கள் பக்கத்தில் நின்றார்கள், போகட்டும் என்று விட்டேன். நேற்று உன் ஆய்வுக்கூடத்து டாக்டரம்மா ஒருவர் போனில் கேட்டார்: "ஏம்மா, முட்டி போட்டு ஏதாவது வேலை பாத்திருக்கீங்களா?" உன்னை மாட்டிவிடக் கூடாதே என்று, "இல்லீங்க, சும்மாதான் இருந்தேன்" என்று சொல்லித் தொலைத்தேன். சொன்ன வாய் இன்னும் கசக்கிறது.

பிள்ளை சரியாகச் சாப்பிடுவதில்லை. இந்தக் கருவே வேண்டாமோ என்றுகூடக் கேட்டுவிட்டாள். போய் உண்மையைச் சொல்லுடா.

அக்கா

மார்ச் 18

அக்கா,

இன்று காலை எல்லாரும் இருக்கும்போதே சொல்லிவிட்டேன். டாக்டரம்மா படிவத்தில் தொழில் என்ற வரியை அடித்துத் திருத்தினார். "இருபத்திரண்டு வருஷம்னா தேயாம என்ன செய்யும்? பரம்பரைன்னு சந்தேகப்படக் காரணமே இல்ல. அந்தப் பொண்ணுக்குப் பரிசோதனை வேணாம், நானே எழுதறேன்" என்றார்.

பிறகு என்னைப் பார்த்து, "இவ்வளவு விவரம் உங்களுக்கு எப்படி? தெரிஞ்சவங்கன்னுதானே போட்டிருக்கீங்க?" என்று கேட்டார்.

அதை நீ பார்க்கவில்லை, அக்கா. உறவுமுறை என்ற இடத்தில் 'தெரிந்தவர்' என்று எழுதியிருந்தேன். அதனால்தான் என்னிடம் சொல்லாமல் உனக்கு நேரே எழுதியிருக்கிறார்கள். "என் அக்கா" என்றேன். நிமிர்ந்து சொல்ல முடியவில்லை. அவமானமாக இருந்தது. உன்னால் இல்லை, என்னை நினைத்துத்தான். மன்னித்துவிடு. ஞாயிற்றுக்கிழமை வரட்டுமா?

தம்பி

மார்ச் 22

மதிப்பிற்குரிய டாக்டர் அவர்களுக்கு,

தாங்கள் எழுதிய கடிதம் கிடைத்தது. டாக்டரம்மாவின் கடிதமும் வந்தது. மகள் அதை மூன்று தடவை படித்துவிட்டு வயிறாரச் சாப்பிட்டாள். தாங்கள் ஞாயிற்றுக்கிழமை...

சீ, எனக்கு இப்படி எழுத வரமாட்டேன் என்கிறது. வீட்டில் இருப்பவள் என்று நீ எழுதினாய், நானும் ஆமாம் போட்டேன். அந்த வெட்கத்தில் எனக்கும் பங்கு உண்டு. ஆனால் தெரிந்தவரா? உன்னைச் சுமந்து திரிந்த இடுப்புடா இது.

ஞாயிற்றுக்கிழமை வராதே. கோபம் அப்படியே இருக்கிறது, வந்தால் கண்டபடி பேசிவிடுவேன். குழந்தை பிறந்ததும் சொல்லி அனுப்புகிறேன், அப்போது வா. நாலு பேர் வந்திருப்பார்கள், இவர் யார் என்று கேட்பார்கள். நான் என்ன சொல்ல வேண்டும் என்று முன்னாடியே எழுதி அனுப்பிவிடு.

அக்கா