இரண்டாம் நம்பர் ஸ்டீயரிங்

3.11.97, திங்கள்

காலையிலேயே மழை. கிள்ளான் பஸ் ஸ்டாண்டிலேர்ந்து நடந்து வர்றதுக்குள்ள செருப்பெல்லாம் சேறு. கேம் சென்டர் திறக்க இன்னும் ரெண்டு மணி நேரம். அதுக்குள்ள எல்லா மெஷினையும் துடைச்சு, ஆன் பண்ணி, சரியா ஓடுதான்னு பார்க்கணும்.

கார் ரேஸ் மெஷின் ரெண்டு, பக்கத்துப் பக்கத்துல. நம்பர் 1 சுகம். நம்பர் 2-க்குத்தான் காய்ச்சல். ஸ்டீயரிங்குக்குப் பின்னால ஒரு மோட்டார் இருக்கு. குழியில விழுந்தா கையை உதறுறது, வளைவுல எதிர்த்து இழுக்கிறது எல்லாம் அதோட வேலை. முக்கால் மணி நேரம் விடாம ஆடினா தொட முடியாத சூடு. அப்புறம் ஸ்டீயரிங் தொளதொள.

கடை முதலாளி தவுக்கே சொல்லிட்டார். "ஸ்கூல் லீவு வருது, மல்லிகா. நல்லா பார்த்துக்கோ லா. இல்லன்னா சாமான் கொடுத்தவன்கிட்டயே திருப்பி அனுப்பிடுவேன்."

சுங்கை வே ஃபேக்டரியில பன்னெண்டு வருஷம் சர்க்யூட் போர்டுக்கு ஈயம் வச்ச கை. பார்த்துக்கலாம்.

வாங்க வேண்டியது: பெயிண்ட் பிரஷ், கிரீஸ், என் வீட்டுக்காரருக்கு இருமல் மருந்து.

4.11, செவ்வாய்

வீட்டுக்காரர் சேகரைக் கூட்டிட்டு வந்துட்டேன்!

ஏழு மாசமா வீட்டை விட்டு நகரலை. ஜெஞ்சாரோம் வளைவுல, அவர் ஓட்டிட்டு வந்த, செம்பனைக் குலை ஏத்தின லோரி. ஸ்டீயரிங் திடீர்னு கையில தொளதொளன்னு ஆகி, வண்டி பள்ளத்துல சாய்ஞ்சுது. ஏத்தி இறக்கக் கூட வந்த கெலிண்டானுக்குக் கால் முறிஞ்சது. அந்த ஆள் இப்ப நல்லா நடக்கிறார், வேலைக்கும் போறார். எம் புருஷன்தான் அப்புறம் ஒரு வண்டியையும் தொடலை. லைசன்ஸ் பர்ஸுலயே இருக்கு.

மெஷினை நகர்த்த ஆள் வேணும்னு சொல்லித்தான் கூப்பிட்டேன். பொய்யும் இல்ல. தவுக்கேகிட்ட மட்டும் சொல்லலை.

நம்பர் 2-ஐ ஒரு முழம் முன்னால இழுத்தார். "சுவத்தோட ஒட்டி வச்சா எப்படி மூச்சு விடும்?" பின்னால ஒரு கைப்பிடி தூசி, டிஷ்யூ, ஒரு குழந்தை சாக்ஸ்.

"உட்கார்ந்து பாருங்களேன்."

ரொம்ப நேரம் நின்னார். உட்கார்ந்தார். எண்ணெய் பெடலை மிதிக்கலை. ஸ்டீயரிங் தன்பாட்டுக்கு லேசா நடுங்கிச்சு. நாய்க்குட்டி தலையில வைக்கிற மாதிரி கையை வச்சார்.

6.11, வியாழன்

ஓட்டினார்.

திரையில கடலோர ரோடு. அப்படி ஒரு நீலம் மலேசியாவுல எந்தக் கடலுக்கும் கிடையாது. வெளியே மழை, உள்ளே வெயில். நான் பின்னால உட்கார்ந்து மோட்டார்ல உள்ளங்கையை வச்சுக்கிட்டே இருந்தேன், புள்ளைக்கு ஜுரம் பார்க்கிற மாதிரி.

"இந்த ரோடு எங்க போய்ச் சேருது மல்லி?"

"எங்கயும் சேராது. சுத்திக்கிட்டே இருக்கும்."

சிரிச்சார். அந்தச் சிரிப்புல நான் கையை எடுத்திருக்கக் கூடாது. எத்தனையாவது ரவுண்டோ, பாலத்து வளைவு. ஸ்டீயரிங் போயிடுச்சு. தீ பட்ட மாதிரி ரெண்டு கையையும் தூக்கிட்டார். எழுந்து வெளியே போய் மழையில நின்னார்.

"அதேதான் மல்லி. அதே மாதிரிதான் போச்சு."

8.11, சனி

நேத்தும் இன்னைக்கும் அவர் வரலை. நான் மட்டும். செஞ்சது:

பின் மூடியைக் கழட்டி உள்ளே பிரஷ் போட்டது. பெல்ட் ரொம்ப இறுக்கம், கொஞ்சம் தளர்த்தினேன். செட்டிங்ல ஸ்டீயரிங்கோட முரட்டுத்தனம் ஒரு படி குறைச்சேன். செத்துப்போன பழைய மெஷின்லேர்ந்து ஃபேன் கழட்டி மோட்டாருக்கு நேரா கட்டினேன். அதுக்குத் தனி சுவிட்ச்.

ஒரு மணி பத்து நிமிஷம் ஓட விட்டேன். வெதுவெதுப்பு, அவ்வளவுதான்.

சாப்பிடும்போது அவர்கிட்ட சொன்னேன். ரசம் ஊத்தும்போது கேட்டார், "காத்து உள்ளே தள்ளுதா, வெளியே இழுக்குதா?"

தட்டைப் பார்த்துக்கிட்டே "உள்ளே"ன்னேன். அவரைப் பார்த்தா அழுதிருப்பேன்.

11.11, செவ்வாய்

வந்தார். நேத்தும் வந்தார். ஸ்டீயரிங் போகவே இல்ல. வளைவு வரும்போது மூச்சைப் பிடிக்கிறார், தாண்டினதும் விடுறார். நானும் கூடவே பிடிச்சு விடுறேன். ரெண்டு பேரும் ஒரே தண்ணிக்குள்ள முங்கி முங்கி எழுந்திரிக்கிற மாதிரி. பஸ்ல தூங்கிட்டேன், ஸ்டாப் தாண்டிப் போயிட்டேன்.

இருமல் பரவாயில்ல.

13.11, வியாழன்

மோட்டார் எரிஞ்சு போச்சு. என் தப்பு.

ஃபேன் சுவிட்சைப் போட மறந்துட்டேன். அவர் ஓட்டுறதையே பார்த்துக்கிட்டு நின்னேன். பின்னால போகவே இல்ல. திரையில கடல் வழுக்கி வழுக்கிப் போகுது, அவர் தோள் லேசா சாயுது, நானும் சாயறேன். எங்கே நிக்கிறேன்னே தெரியலை. அப்புறம் வாடை. வார்னிஷ் கருகற வாடை.

ஸ்டீயரிங் விட்டுச்சு. இந்தத் தடவை அவர் கையைத் தூக்கலை. மெதுவா பிரேக் மிதிச்சு, திரையில இருந்த காரை ஓரமா நிறுத்திட்டு, "மெயின் சுவிட்சை அணை"ன்னார்.

14.11, வெள்ளி

தவுக்கேகிட்ட எல்லாத்தையும் சொல்லிட்டேன். புருஷனைக் கூட்டி வந்தது, ஃபேன், எல்லாம். கத்தினார். கத்தி முடிச்சு வேன் சாவியை மேசையில போட்டார். "பிரிக்பீல்ட்ஸ்ல மோட்டாருக்குக் காயில் கட்டுற கடை இருக்கு. நீ எரிச்ச, நீயே கொண்டு போ."

"தவுக்கே, எனக்கு ஓட்டத் தெரியாது."

வாசல்ல நின்ன எம் புருஷன் உள்ளே வந்தார். சாவியை எடுத்தார். கையில சாவி சத்தம் போட்டுச்சு. தவுக்கேயும் பார்த்தார். பார்த்துட்டு "பெலான்-பெலான், சேகர்"னு மட்டும் சொன்னார். மெதுவா போன்னு.

மெதுவாத்தான் போனோம். ஃபெடரல் ஹைவேயில எல்லாரும் ஹாரன் அடிச்சுத் தாண்டினாங்க. மோட்டார் என் மடியில, பழைய துண்டுல சுத்தி. மழை. வைப்பர் போக, வர. ஷா ஆலம் தாண்டினோம். அப்புறம் கேட்டார், "கனமா இருக்கா?" இல்லன்னேன்.

கடைக்காரர் புதன்கிழமை தர்றேன்னு சொல்லிட்டார். சரியாயிடும், சூடு மட்டும் ஏறாம பார்த்துக்கோங்கக்கான்னார்.

ஒண்ணு எழுத மறந்துட்டேன். போகும்போது கடை போர்டு இடது பக்கம் வந்துச்சு. அவர் கவனிக்கலை, தாண்டிட்டார். நான் பார்த்தேன். சொல்லலை. பிரிக்பீல்ட்ஸை ரெண்டு தடவை சுத்தினோம்.