கதவைச் சாத்திக்கொண்ட நண்டுகள்

சனிக்கிழமை தேக்கா சந்தையில் ஒரு கூடை நண்டின்மேல் தண்ணீர் ஊற்றினார்கள். சேறு கரைந்து என் செருப்பு வரை வந்தது. அழுகிய முட்டையும் உப்பும் கலந்த வாடை. "நம்ம ஆபீஸ் சென்ட்" என்பாய் நீ. நான் நகராமல் நின்றேன் போலும். கடைக்காரம்மா, "அண்ணே, வாங்குறதுன்னா வாங்குங்க, இல்லன்னா தள்ளி நில்லுங்க லா, பின்னாடி ஆன்ட்டி நிக்குறாங்க" என்றார். ஒரு கிலோ வாங்கினேன். எனக்கு நண்டு ஒத்துக்கொள்ளாது என்பது வீட்டுக்குப் போகக் குவீன்ஸ்டவுனில் வந்து இறங்கிய பிறகுதான் நினைவுக்கு வந்தது.

நீ போய் நான்கு மாதம் ஆகிறது. நலமா என்று கேட்பவர்களிடம் நலம் என்கிறேன். பொய்யில்லை. சாப்பிடுகிறேன், பேருந்தில் இடம் கிடைத்தால் உட்காருகிறேன். மண்டாயில் உன்னைத் தகனம் செய்த அன்று எனக்குத் தோன்றியது ஒன்றே ஒன்று: இங்கே எல்லாம் சொன்ன நேரத்துக்கு நடக்கிறது.

பள்ளியில் ஒரே பெஞ்சு, பிறகு ஒரே அலுவலகம். யாராவது எங்காவது எதையாவது கட்ட நினைத்தால், அந்த இடத்தில் என்ன வாழ்கிறது என்று பார்த்து எழுதித் தருவது நம் தொழில். சேற்றைப் பார்ப்பது உன் வேலை. படிக்கிறவர்மேல் சேறு ஒட்டாமல் எழுதுவது என் வேலை.

வடக்குக் கரையில் கால்வாய் கடலில் கலக்கும் அந்தத் துண்டு நிலம் உனக்குச் சொந்த ஊர் மாதிரி. ஒரு பள்ளித் திடல் அளவு சதுப்பு, ஓரமாகக் கொஞ்சம் அலையாத்தி மரங்கள், எங்கும் விரல் நுழையும் அளவு நண்டு வளைகள். ஆண் நண்டுக்கு ஒரு கொடுக்கு மட்டும் உடம்பளவு பெருத்திருக்கும். "இவனுங்க தோண்டலன்னா வேருக்குக் காத்து போவாதுடா," என்பாய். "ராப்பகலா மண்ணைக் கிளறி மேல கொண்டாறானுங்க. ஓவர்டைம் காசு கூட கேக்குறதில்ல. உன்னைய மாதிரியா?"

கடல் ஏறும் முன் ஒவ்வொரு நண்டும் சேற்றை உருட்டி, உள்ளேயிருந்து தன் வளையை அடைத்துக்கொள்ளும். நீர் வடிந்த பிறகே திறக்கும். ஆகவே எண்ணும் நேரத்தைக் கடல்தான் சொல்லவேண்டும். இது உனக்குத் தெரியும், எனக்கும் தெரியும். வேன் ஒதுக்கும் பிரிவுக்குத் தெரியாது.

அங்கே மண் கொட்டி மேடாக்கிக் கட்டத் திட்டம் வந்து, வளைகளைக் கணக்கெடுக்கவேண்டிய வாரத்தில் நீ மருத்துவமனையில் இருந்தாய். வேன் மதிய உணவுக்குப் பிறகுதான் கிடைத்தது. கடல் அலுவலக நேரத்தைப் பின்பற்றுவதில்லை. நான் பின்பற்றுகிறேன். மூன்று மணிக்குப் போய் நின்றபோது தண்ணீர் ஏறிக்கொண்டிருந்தது. சேறு இஸ்திரி போட்டதுபோல் கிடந்தது. எல்லாரும் கதவைச் சாத்திவிட்டார்கள் என்று புரிந்தது. அடுத்த வேன் அடுத்த வாரம், அறிக்கை வெள்ளிக்கிழமை. 'புழக்கத்திலுள்ள வளைகள் எவையும் காணப்படவில்லை' என்று எழுதினேன். பிழையில்லாத வாக்கியம். நான் காணவில்லைதானே.

கையெழுத்து உன்னுடையதாக இருக்கவேண்டும். மருத்துவமனைக்குக் கொண்டுவந்தேன். நீ கண்ணாடியைத் தேடி எடுத்துப் போட்டுக்கொண்டு இரண்டு முறை படித்தாய்.

"எத்தன மணிக்குடா போனே?"

"காலையில."

"தண்ணி?"

"நல்லா வத்தியிருந்துச்சு."

"ஒன்னு கூடவா இல்ல?"

"ஒன்னு கூட இல்ல லா."

தாளை மடிமேல் வைத்தாய். "அப்ப மண்ணு செத்துருச்சு. மண்ணுல உசுரு இருந்தா அவனுங்க அந்த இடத்த விட்டுப் போவ மாட்டானுங்க." பிறகு கையெழுத்துப் போட்டாய். பேனாவைத் திருப்பிக் கொடுக்கும்போது, "போன வருசமே ஏதோ சரியில்லன்னு நெனச்சேன். கவனிக்காம விட்டுட்டேன்" என்றாய். உன் தவறு என்று நினைத்துக்கொண்டாய். நான் பேனாவை வாங்கிச் சட்டைப்பையில் வைத்தேன். ஒன்பதாம் நாள் நீ இல்லை.

நோயாளியை வருத்தவேண்டாம் என்றுதான் போன நேரத்தை மறைத்தேன் என்று உன் மனைவியிடம் சொல்லிவிடலாம். அவர் நம்புவார். உண்மையில் உன்னிடம் திட்டு வாங்க அலுப்பாக இருந்தது, அவ்வளவுதான்.

செவ்வாய்க்கிழமை விடுப்பு எடுத்து, கடலின் ஏற்றவற்ற அட்டவணையைப் பார்த்துக் காலையிலேயே பேருந்தில் போனேன். அங்கே மண் இன்னும் கொட்டவில்லை. புதன்கிழமை திருத்த அறிக்கையை முதலாளி மேசையில் வைத்தேன். முந்தையது தவறான நேரத்தில் எடுத்த கணக்கு, நேரத்தை மறைத்தது நான், கையெழுத்திட்டவருக்கு அது தெரியாது என்று எழுதியிருந்தேன். "ஏன் லா இப்ப போய்?" என்றார். ஆனாலும் கட்டப்போகிறவர்களுக்கு அனுப்பிவிட்டார். 'தங்கள் கருத்து கவனத்தில் கொள்ளப்பட்டது' என்று பதில் வந்திருக்கிறது. அந்த வகை வாக்கியத்தை நானே பலருக்கு எழுதிக் கொடுத்திருக்கிறேன். அதற்கு என்ன பொருள் என்று எனக்கும் தெரியாது.

அறிக்கையில் சேர்க்காதது ஒன்று உண்டு. செவ்வாயன்று நீர் வடிந்து அரைமணி நேரம் ஒன்றும் அசையவில்லை. பிறகு என் காலருகே ஒரு சேற்று உருண்டை நகர்ந்தது. இன்னொன்று. பார்த்துக்கொண்டிருக்கும்போதே கரை முழுதும் திறந்துகொண்டது. பெரிய கொடுக்குகள் ஏறி இறங்கின. அவை பெண் நண்டுகளுக்கான சைகை, எனக்கானவை அல்ல. எண்ணுவதற்கான சதுரச் சட்டத்தைச் சேற்றில் வைத்து, அதற்குள் இருந்த வளைகளைக் குனிந்து எண்ணினேன். ஒருவர் எண்ணிச் சொன்னால், மற்றவர் அதைத் திருப்பிச் சொல்லிவிட்டுத்தான் எழுதவேண்டும்; நம் முறை அது. "நாப்பத்தி மூணு" என்று உரக்கச் சொல்லிவிட்டேன்.

குனிந்தபடியே காத்திருந்தேன். முதுகு வலித்தது. பிறகு நானே நிமிர்ந்து, நானே திருப்பிச் சொல்லி, நானே எழுதினேன். முறைப்படி அது செல்லாது.