சாசனப் படம் காட்டிய நாள்

12 ஏப்ரல் 1943, திங்கள்

“வாத்தியாரே, இதுல நம்ம ஆளுங்க எங்க நிக்கிறாங்க?”

செல்லாயி கேட்ட கேள்வி. ஏழெட்டு வருடம் ஆகியிருக்கும். அப்போது அவளுக்குக் கல்யாணமான புதிது. கணவன் சின்னையாவோடு முன்வரிசையில் உட்கார்ந்திருந்தாள். பொங்கலன்று, காலையில் ஆள் கணக்கெடுக்கும் பெரட்டுக் களத்தில் நான் படம் காட்டுவது கெடாவின் இந்த ரப்பர் தோட்டத்து வழக்கம். சாமி கும்பிட்டு முடிந்ததும் தொழிலாளர் வீட்டு வரிசைகளான லயத்துச் சனம் முழுக்க வந்து உட்கார்ந்துவிடும். ஆங்கிலப் பத்திரிகைகளிலிருந்து வெட்டி, அட்டையில் ஒட்டிய படங்கள். எல்லாம் ஒரே சங்கதிதான்: எந்தெந்த நாட்டில் எப்போது அரசியல் சாசனம் வந்ததோ, அந்த நாளின் காட்சி. புல்வெளியில் பிரபுக்கள் சூழ நிற்கும் இங்கிலாந்து அரசன். கதவு சாத்திய மண்டபத்துக்குள் அமெரிக்கர்கள். கை உயர்த்திச் சபதம் செய்யும் பிரெஞ்சுக்காரர்கள். மேடையிலிருந்து சாசனச் சுருளை நீட்டும் சப்பான் சக்கரவர்த்தி. வெண்குடையின் கீழ் சயாம் ராசா.

“சாசனம் என்றால் ரப்பர் பால் நிறுக்கும் ஸ்டோரில் இருக்கும் தராசு மாதிரி” என்பேன். “யார் வாளியை வைத்தாலும் முள் ஒன்றுபோல நகர வேண்டும். வெள்ளைக்காரத் துரையே வந்தாலும் விரலால் தள்ளக்கூடாது.”

செல்லாயிக்கு நான் சொன்ன பதில்: “கதவுக்கு வெளியே நிற்கிறோம் அம்மா. ஒருநாள் திறப்பார்கள்.”

“அப்ப மழை வந்தா நாமதான் நனையணும்னு சொல்லுங்க.”

களமே சிரித்தது. நானும்தான்.

இன்று படப் பெட்டியைத் திறந்து பார்த்தேன். கறையான் ஏறவில்லை. அதனால்தான் இந்த ஞாபகம்.

15 ஏப்ரல்

மருமகன் தர்மலிங்கம் வீட்டுக்கு வந்து படுத்துப் பல நாளாகிறது. சயாமில் ரயில் பாதை போடச் சப்பான்காரர்கள் ஆள் பிடிக்கிறார்கள். மூன்று மாத வேலை என்று சொல்லி, போன மாதம் கூட்டிச் செல்லப்பட்டவர்களிடமிருந்து ஒரு சேதியும் இல்லை. அவரும் மிச்ச ஆண்களும் ஆற்றோரச் சதுப்பில், நாணலுக்குள் ஒளிந்து கிடக்கிறார்கள். என் மகள் வாசுகி நிறைமாதத்தை நெருங்குகிறவள் மாதிரி மூச்சு வாங்குகிறாள், இன்னும் மாதங்கள் இருக்கின்றன. அந்த வயிற்றோடு மரவள்ளிக் கிழங்கை அவித்துப் புல்கட்டுக்குள் ஒளித்து எடுத்துப் போகிறாள்.

19 ஏப்ரல்

தோட்டத்துக் கணக்கெழுதும் தலைமைக் கிராணி பக்கிரிசாமி வீட்டுக்கே வந்தான். சப்பான்காரன் வந்து துரை ஓடிய பிறகு தோட்டத்தில் அவன் வைத்ததுதான் சட்டம். பங்களாவில் இருக்கும் சப்பான் அதிகாரிக்கு அவன்தான் வாய்.

“உங்களுக்கு யோகம் வாத்தியாரே. உங்ககிட்ட சப்பான் ராசா படம் இருக்குன்னு சொன்னேன். பெரியவரு பாக்கணுங்கிறாரு. சட்டை நல்லதா போட்டுக்கிட்டு வாங்க லா, கோணிச் சாக்குல வந்து நின்னுடாதீங்க.”

21 ஏப்ரல்

பங்களாவுக்குப் போனேன். அதிகாரி என்னைவிட வயதில் மிகச் சின்னவர். “சென்செய்” என்றார். ஆசிரியரை மரியாதையாக அப்படி அழைப்பார்களாம். சர்க்கரை போட்டுத் தேநீர் கொடுத்தார். நான் படத்தை நீட்டியதும் எழுந்து நின்று, கழுத்துப் பொத்தானைச் சரிசெய்து, இடுப்பு மடங்கக் குனிந்தார். படத்தில் இருப்பவர் இப்போதைய சக்கரவர்த்தியின் தாத்தா.

29ஆம் தேதி சக்கரவர்த்தியின் பிறந்தநாள். பொங்கலுக்குக் காட்டுவதுபோல அன்று தோட்டத்துக்கே படம் காட்ட வேண்டுமாம். வருகிற குடும்பத்துக்கெல்லாம் அரிசி தருவாராம்.

இதை விட்டால் வேறு சமயம் வராது என்று தோன்றியது. கேட்டுவிட்டேன். “இந்தச் சாசனத்தில், சட்டப்படி அல்லாமல் யாரையும் பிடிக்கக்கூடாது என்று ஒரு விதி உண்டு என்று படித்திருக்கிறேன். படம் பார்க்க வருகிறவர்களைப் பிடிக்கமாட்டோம் என்று வாக்குக் கொடுங்கள். என் மருமகனும் வருவார்.”

பக்கிரிசாமி மலாய் மொழியில் சொன்னான். அதிகாரி நிதானமாக ஏதோ பதில் சொன்னார். “சரிங்கிறாரு” என்றான் பக்கிரிசாமி. நான் புறப்படும்போது அதிகாரி மறுபடியும் அந்தப் படத்தின் முன் குனிந்தார்.

சூடம் அணைத்துச் சத்தியம் செய்வதுபோல இருந்தது எனக்கு. படத்தின் முன்னால் கொடுத்த வாக்கு. மாரியம்மன் படத்துக்கு முன்னால் நின்று நம் சனம் பொய் சொல்லுமா?

22 ஏப்ரல்

சதுப்புக்கு நானே போனேன். முழங்கால் வரை சேறு. விஷயத்தைச் சொன்னேன்.

“அரிசி எவ்ளோன்னு கேட்டீங்களா வாத்தியாரே?” என்றான் சின்னையா. “ரெண்டு கொட்டாங்கச்சி அளவுன்னா நான் இப்பவே வந்து முன்னால உக்காந்துக்கிறேன்.”

தர்மலிங்கம் சிரிக்கவில்லை. “மாமா, அவரு எதுக்குக் குனிஞ்சாரு? உங்களுக்கா, அந்த ராசாவுக்கா?”

“ராசாவுக்குத்தான். அதனால்தான் நம்பச் சொல்கிறேன்.”

கொஞ்ச நேரம் அட்டை கடித்த காலைத் தேய்த்துக்கொண்டிருந்தார். “நீங்க சொன்னா சரி மாமா.”

29 ஏப்ரல்

எழுத வரவில்லை.

30 ஏப்ரல்

எழுதித்தான் ஆக வேண்டும்.

எல்லாரும் வந்தார்கள். கைக்குழந்தை முதற்கொண்டு வந்தது. சதுப்பிலிருந்து வந்த ஆண்கள் குளித்து, திருநீறு பூசி வந்திருந்தார்கள். தர்மலிங்கம் வாசுகியின் பக்கத்தில் உட்கார்ந்திருந்தார். நான் இங்கிலாந்து அரசனில் ஆரம்பித்தேன். பழைய உதாரணங்கள், பழைய சிரிப்பு. செல்லாயிகூட, “இன்னுமா கதவு தொறக்கல?” என்று கத்தினாள். கடைசியில் சப்பான் படத்தை எடுத்து, பிரம்பால் அந்தச் சுருளைத் தொட்டேன். “இதோ பாருங்கள், ராசாவே தன் கையால்…”

விசில் ஊதினார்கள்.

நான் படத்தைப் பார்த்துக்கொண்டிருந்தேன். தலையைத் திருப்பியபோது கோயில் பக்கம் சிப்பாய். மதகுப் பக்கம் சிப்பாய். ஸ்டோருக்குப் பின்னாலிருந்து லாரிகள். ஆண்களை ஒரு பக்கம், பெண்களை ஒரு பக்கம் பிரித்தார்கள். சின்னையா ஓடப் பார்த்தான். துப்பாக்கிக் கட்டையால் முதுகில் அடித்துத் தூக்கிப் போட்டார்கள். தர்மலிங்கம் ஓடவில்லை. என்னைப் பார்த்தார். திட்டியிருக்கலாமே! ஒரு வார்த்தை திட்டியிருக்கக் கூடாதா? “மாமா, அவர்கிட்ட சொல்லுங்க” என்றார். அப்போதும் நம்பினார்.

ஓடிப்போய் அதிகாரியின் காலைப் பிடித்தேன். விதியைச் சொன்னேன். பக்கிரிசாமி என் காதருகே குனிந்தான்.

“அந்த விதி சப்பான் பிரசைக்குத்தானாம் வாத்தியாரே. அவரு அன்னிக்கே தெளிவா சொல்லிட்டாரு. உங்க மனசக் கெடுப்பானேன்னு நான்தான் சொல்லாம விட்டேன்.”

“நல்ல பாடம், சென்செய்” என்றாராம் அதிகாரி. கையில் ஒரு பொட்டலம் சர்க்கரையைத் திணித்தார். லாரிகள் புக்கிட் மெர்தாஜம் ஸ்டேஷனுக்குப் போயின. பிறகு பெண்களை வரிசையில் நிற்க வைத்துப் பக்கிரிசாமி அரிசி அளந்தான். அந்த வாக்கை மட்டும் காப்பாற்றினார்கள்.

2 மே

அரிசியை வாசுகி தொடவில்லை. நேற்றுப் பசி தாங்காமல் சமைத்தாள். நானும் தின்றேன்.

9 மே

தண்ணீர்க் குழாயடியில் செல்லாயி. என்னைக் கண்டதும் மற்றப் பெண்கள் குடத்தைத் தூக்கிக்கொண்டு நகர்ந்தார்கள். அவள் நகரவில்லை.

“அடுத்த படம் எப்ப வாத்தியாரே? எங்கிட்ட இனிமே குடுக்க ஆளு இல்ல. கேட்டுக்கலாம்னுதான்.”

என் குடம் நிரம்பி வழிவதைப் பார்த்துக்கொண்டு நின்றேன்.

17 ஜூன்

மழை. பலகைச் சுவரில் இடுக்குகள் வழியே சாரல். வாசுகி பெட்டியைத் திறந்து, படங்களை எடுத்து, இடுக்குகளின் மேல் வைத்து ஆணி அடித்தாள். படம் சுவர்ப் பக்கம், வெற்று அட்டை எங்கள் பக்கம். நான் ஆணி எடுத்துக் கொடுத்தேன்.

11 ஆகஸ்ட்

பெண் குழந்தை. செல்லாயிதான் பிரசவம் பார்த்தாள். வாசுகிக்காக வந்தாள், எனக்காக இல்லை. அதையும் வாசலிலேயே சொல்லிவிட்டுத்தான் உள்ளே போனாள். பெயர் வைக்கவில்லை. “அவரு வந்து காதுல சொல்லட்டும்” என்கிறாள் வாசுகி.

20 அக்டோபர்

கெடாவைச் சயாமிடம் கொடுத்துவிட்டார்களாம். தூங்கி எழுந்தால் வேறு நாடு. போன வாரம் வரை தேதி எழுதும்போது சப்பான் கணக்கில் 2603 என்று போடச் சொன்னார்கள். இனி சயாம் கணக்கில் 2486. ஆட்சி மாறியதில் எல்லாருக்கும் வயது குறைந்துவிட்டது என்று பள்ளிக்கூடத்தில் இருந்திருந்தால் சொல்லியிருப்பேன்.

சப்பான்காரனும் போகவில்லை. இரண்டு கொடி.

6 டிசம்பர்

பக்கிரிசாமி வந்தான். அவன் மட்டும் எந்தக் கொடிக்கும் மாறுவதில்லை. பத்தாம் தேதி சயாமின் சாசன நாளாம். “உங்ககிட்ட சயாம் ராசா படம் இருக்குல்ல? புது ஆபீசர் பெரட்டுக் களத்துல காட்டணும்னு ஆசப்படுறாரு. ரயில் பாதை அவங்க நாட்டுலதானே? மருமவனப் பத்தி ஒரு வார்த்த கேட்டுப் பாக்கச் சொல்றேன்.”

அந்தக் கடைசி வார்த்தைக்காகத்தான் ஒத்துக்கொண்டேன். சயாம் படத்தைச் சுவரிலிருந்து கழற்றினேன்.

“மறுபடியும் ஆளக் கூப்பிடப் போறியாப்பா?” என்றாள் வாசுகி. குழந்தைக்குப் பால் கொடுத்துக்கொண்டிருந்தாள், நிமிர்ந்துகூடப் பார்க்கவில்லை. ஏப்ரலுக்குப் பிறகு அவள் என்னை ‘அப்பா’ என்று சொன்னது இன்றுதான்.

10 டிசம்பர்

ஒருவரும் வரவில்லை. வெற்றுக் களம். நான், படம், ஆபீசர், பக்கிரிசாமி. ஒரு நாய்.

ஆபீசர் படத்தைப் பார்த்ததும் முகம் சுளித்தார். அந்த ராசா பதவியை விட்டுப்போய்ப் பல வருடமாயிற்றாம். அவர் படத்தைத் தூக்கிக்கொண்டு நிற்பது என்ன மரியாதை என்றார். கன்னத்தில் அறைந்தார். கையெழுத்துப் போட்டவர் போய்விட்டார். போட்ட கையெழுத்து? அதைக் கேட்கவில்லை. தர்மலிங்கத்தைப் பற்றியும் கேட்க விடவில்லை.

வீட்டுக்கு வந்து, படத்தைப் பழைய இடத்திலேயே வைத்து ஆணி அடித்தேன். அதுவரை அந்த இடுக்கில் வாசுகி தன் பழைய சேலைத் துணியைச் செருகி வைத்திருந்தாள்.

3 மார்ச் 1944

காய்ச்சல். கிழங்கு. காய்ச்சல்.

23 செப்டம்பர் 1945, ஞாயிறு

சின்னையா வந்துவிட்டான்.

சப்பான்காரன் தோற்ற பிறகு, சாமான் ரயிலிலும் நடந்தும் வந்திருக்கிறான். வாசலில் நின்றபோது செல்லாயிக்கே அடையாளம் தெரியவில்லை. “யாருய்யா நீ, பிச்சைக்கு வேற வீடு பாரு” என்றாளாம். பிறகு அவள் போட்ட சத்தம் லயம் முழுக்கக் கேட்டது. வலது காலில் கணுக்காலுக்கு மேல் எலும்பு தெரியும் புண்.

சாயந்திரம் வாசுகியும் நானும் போனோம். சுவரில் சாய்ந்தபடி சொன்னான்.

“மூணு மாசம் முடிஞ்ச அன்னிக்கி தர்மலிங்கம் எங்க எல்லாரையும் எழுப்பிவிட்டாரு. வாங்க, பேச்சுப்படி நாள் முடிஞ்சிருச்சி, போயி கேப்போம்னாரு. நாங்க வேணாம்னு சட்டையப் புடிச்சு இழுத்தோம். கேக்கல. எழுதி வச்ச சட்டம் இருக்கு, எங்க மாமா சொல்லியிருக்காரு, கேட்டா ஒன்னும் தப்பில்லன்னு நேரா போயி நின்னாரு. மூங்கிலாலதான் அடிச்சானுங்க. அன்னிக்கிச் சாவல. தூக்கிக் கொண்டுபோயி வாந்திபேதிக் கொட்டகையில போட்டானுங்க. அங்க போட்டா யாரும் திரும்பறதில்ல.”

வாசுகி எழுந்து குழந்தையைத் தூக்கிக்கொண்டாள்.

சின்னையா என்னைப் பார்த்தான். கோபமில்லை. அதுதான் தாங்க முடியவில்லை. “நல்லா மனசுல பதியற மாதிரி சொல்லிக் குடுத்திருக்கீங்க வாத்தியாரே.”

30 செப்டம்பர்

ராத்திரி, பகல் எல்லாம் ஒன்றாக இருக்கிறது. ‘எங்க மாமா சொல்லியிருக்காரு.’ ஐயோ, நான் என்னய்யா சொன்னேன்? தராசுன்னு சொன்னேன். முள்ளுன்னு சொன்னேன். யாரு விரலு எங்க இருக்குன்னு பாத்தேனா?

7 அக்டோபர்

பக்கிரிசாமி வந்தான். வெள்ளைச் சட்டை, கஞ்சி போட்டது. இங்கிலீஷ் ஆபீசர் அடுத்த வாரம் தோட்டத்துக்கு வருகிறாராம். மலாயாவுக்கே புதுச் சாசனம் எழுதப்போகிறார்கள் என்று பேச்சாம்.

“அந்தப் புல்வெளி ராசா படம் இருக்குல்ல வாத்தியாரே? பழசெல்லாம் மனசுல வச்சுக்காதீங்க லா.”

“இருக்கிறது. சுவரில் இருக்கிறது. எடுத்தால் சாரல் அடிக்கும்” என்றேன்.

நின்று பார்த்துவிட்டுப் போனான்.

அவன் போன பிறகு ஆணியைப் பிடுங்கிப் படங்களை இறக்கித் தரையில் பரப்பினேன். பாதி செல்லரித்திருந்தது. இத்தனை வருடம் பிரம்பால் தொட்டதெல்லாம் நடுவில் இருக்கும் தாளைத்தான். இன்றுதான் ஓரங்களைப் பார்த்தேன். புல்வெளியைச் சுற்றி இரும்புச் சட்டையும் வாளும். சப்பான் மண்டபத்தில் வரிசையாகத் தொங்கும் வாள்கள். அமெரிக்கப் படத்தில் வாளைக் காணவில்லை, கதவு சாத்தியிருக்கிறது. செல்லாயி, நீ கேட்டதற்கு நான் பார்க்காமலே பதில் சொல்லிவிட்டேன்.

மறுபடி எல்லாவற்றையும் சுவரில் அடித்தேன்.

விளக்கு வைக்கும் நேரத்தில் வாசுகி குழந்தையை மடியில் போட்டு, வெற்றிலையை வைத்துக் காதை மறைத்து, தானே மூன்று தடவை பெயர் சொன்னாள். உமையாள். தர்மலிங்கத்தின் தாயார் பெயர். என்னைக் கூப்பிடவில்லை. சுவரோரம் நின்று கேட்டேன்.

உமையாள் ஒருநாள் இதைப் படிக்கக்கூடும். அவளுக்கோ, வேறு யாருக்கோ: இப்படி ஒரு படம் கையில் கிடைத்தால், நடுவில் இருக்கும் தாளையும் அதைப் பிடித்திருப்பவரையும் உள்ளங்கையால் மூடு, ஓரத்தில் யார் நிற்கிறார்கள், அவர்கள் கையில் என்ன இருக்கிறது என்று முதலில் பார்.