பாயானோவும் உன் விமானச் சீட்டும்

மாத்தா கோர்தா
27 நவம்பர் 1989, திங்கட்கிழமை

என் மகன் ரதாமேஸுக்கு,

போன கடிதத்தில் நீ ஆசி கேட்க மறந்துவிட்டாய். கேட்காவிட்டாலும் கடவுள் உன்னை ஆசீர்வதிக்கட்டும், உன் மனைவியையும் இரண்டு குழந்தைகளையும் அந்தப் பனியில் நடுங்காமல் காக்கட்டும். நான் நன்றாக இருக்கிறேன். அப்படி எழுதினால் நீ நம்புவதில்லை, அதனால் விவரமாகவே எழுதுகிறேன். கால் வீக்கம் வடிந்துவிட்டது, கண் தெரிகிறது, காலையில் நானே குழாயடிக்குப் போய் நானே தண்ணீர் தூக்கி வருகிறேன், நேற்று வாழைக்காய் மசியலும் பொரித்த சலாமியும் இரண்டு தடவை போட்டுச் சாப்பிட்டேன். உன் அத்தை ஒலிம்பியா தன் முழங்கால் வலியோடும் தன் வாயோடும் சுகமாக இருக்கிறாள். உன் ஞானத்தகப்பன் வெந்துராவின் கடைக்கூரையைக் காற்று தூக்கிக்கொண்டு போனது, பாதிக்குப் புதுத் தகரம் போட்டிருக்கிறான், மீதிப் பாதியில் மழை பெய்தால் கடைக்கு வருகிறவர்கள் எல்லோரும் அரிசி மூட்டை பக்கம் ஒதுங்குகிறார்கள். மின்சாரம் வழக்கம்போல் வரும் போகும். இந்தக் கடிதத்தை யாரிடமும் சொல்லி எழுத வைக்கவில்லை, நானே எழுதுகிறேன். மூன்றாம் வகுப்போடு நிறுத்தியவள், எழுத்து கோணலாக இருந்தால் பொறுத்துப் படி. தொலைபேசியில் சொன்னால் நீ இரண்டு நிமிஷத்தில் சரிம்மா சரிம்மா என்று வைத்துவிடுவாய். காகிதத்தை அப்படி வைக்க முடியாது.

முதலில் நம் கூழைக்கடா அணியின் விஷயம். எனக்குப் பேஸ்பால் பந்தாட்டம்தான் பெரிசு என்று சிரிக்காதே, உன் விஷயமும் இதற்குள்தான் இருக்கிறது, கடைசிப் பக்கத்துக்குத் தாவாமல் வரிசையாகப் படி. இந்தப் பருவத்தில் போன வாரம் வரை எட்டு ஆட்டம் ஜெயித்து பதினேழு தோற்றிருந்தோம். ஆறு அணியில் ஆறாவது. போன வியாழக்கிழமை மதியம் நான் அவரைக்காய் உரித்துக்கொண்டிருக்கும்போது வானொலியில் சொன்னான், நம் நெஃப்தாலியைத் தலைநகரத்து அணிக்குக் கொடுத்துவிட்டார்களாம், அதற்குப் பதிலாக அங்கிருந்து எலியோதோரோ பாயானோவை வாங்கியிருக்கிறார்களாம். நெஃப்தாலிக்கு இருபத்திரண்டு வயது, அவன் ஓடினால் கால் தரையில் படுவது தெரியாது. பாயானோவுக்கு நாற்பத்தொன்று. மாற்றப்போகும் செய்தியை அவனுக்கே யாரும் சொல்லவில்லை. பல் வைத்தியரிடம் நாற்காலியில் வாயைத் திறந்துகொண்டு கிடந்தபோது அந்த அறை வானொலியில் தன் பெயரைக் கேட்டானாம். அவரைக்காய் கிண்ணத்தை அப்படியே கீழே வைத்துவிட்டேன். எந்தப் பாயானோ என்று உனக்கு ஞாபகம் இருக்காது. எனக்கு இருக்கிறது. எழுபத்தொன்று ஜனவரி, இறுதிப் போட்டி, ஏழாவது ஆட்டம், நாம் முதல் தளத்துப் பக்கம் மூன்றாவது வரிசை, உனக்கு ஒன்பது வயது. தலைநகரத்தானுக்காக இடது கையால் பந்து எறிந்து நம் ஆட்களை ஒருத்தன் பின்னால் ஒருத்தனாக உட்கார வைத்தான். கடைசி ஆளையும் அவுட்டாக்கிவிட்டு, போக வேண்டியதுதானே, போகவில்லை. தொப்பியைக் கழற்றி நம் வரிசைக்கு நேராக இடுப்பு வரை குனிந்து, பூசை முடித்த பாதிரியார் மாதிரி ஒரு வணக்கம் போட்டான். நீ வீடு வரும்வரை அழுதாய், மூன்று நாள் ஜுரம், எலுமிச்சை இலைக் கஷாயத்தை வைத்து வைத்துக் கொடுத்தேன். உன் அப்பா ஆட்டம்தானே என்றார். அவரோடும் ஒரு வாரம் பேசவில்லை.

வெள்ளிக்கிழமை சாயங்காலம் வெந்துரா கடை வாசலில் டோமினோ மேசையைச் சுற்றி ஊரே நின்று கத்திக்கொண்டிருந்தது. முடிவெட்டுகிற சிலோதான் எல்லோரையும்விட உரக்க. உன் முதல் நற்கருணைக்கு ஒரு காது மேலே ஒரு காது கீழே தெரிகிற மாதிரி முடி வெட்டிவிட்டானே, அதே சிலோ, அந்தப் படம் இன்னும் சுவரில்தான் தொங்குகிறது. "நாப்பத்தொரு வயசுய்யா! அவன் எறிஞ்ச பந்து போய்ச் சேர்றதுக்குள்ள நான் ஒருத்தனுக்கு முடி வெட்டி முகமும் வழிச்சு விட்டுருவேன்" என்றான். வெந்துரா கட்டையைக் கையில் மறைத்துக்கொண்டு, "அனுபவம்னு ஒண்ணு இருக்குடா" என்றான். "அனுபவம் ஓடுமா? ஓடுற காலைக் குடுத்துட்டு நொண்டுற காலை வாங்கிட்டு வந்திருக்கானுங்க" என்றான் சிலோ. நான் கூட்டத்தை விலக்கிக்கொண்டு போய், சிலோ சொல்வது சரி, அந்த அயோக்கியன் நம் சட்டையைப் போடக் கூடாது என்றேன். என் வாயிலிருந்து சிலோ சரி என்று வந்ததும் எல்லோரும் திரும்பிப் பார்த்தார்கள். அவனுக்குத் தலைகால் புரியவில்லை, பெரிய மரியாதையாகத் தோன்யா போட்டுப் பேசினான். "கேட்டீங்களா, தோன்யா எர்சிலியாவே சொல்லிட்டாங்க! வயசானா ஒதுங்கிக்கணும். பாயானோ வீட்டுல உக்காரட்டும். தோன்யாவைப் பாருங்க, எவ்வளவு புத்தியா ஜனவரில மகன்கிட்டக் கிளம்புறாங்க, வீட்டைக்கூட வாத்தியார் வந்து பார்த்துட்டுப் போயிட்டாரு" என்றான்.

மேசையில் கட்டை வைக்கிற சத்தம் நின்றுபோனது. எந்த ஜனவரி, எந்த வாத்தியார் என்று கேட்டேன். வெந்துரா தன் கையில் இருந்த கட்டைகளைப் புதிதாகப் பார்ப்பதுபோல் பார்த்தான். அவன் சட்டைக் காலரைப் பிடித்தேன், ஆமாம், உன் ஞானத்தகப்பனைத்தான். "ரதாமேஸ் போன் பண்ணினான் தோன்யா. விமானச் சீட்டு வந்தாச்சு, ஒலிம்பியாகிட்ட இருக்கு. நல்ல நேரம் பார்த்து உங்ககிட்ட எடுத்துச் சொல்லச் சொன்னான்" என்றான். இதுதான் நல்ல நேரமா என்று கேட்டேன். வாத்தியார் சர்க்கரை ஆலைப் பள்ளிக்கூடத்துக்குப் புதிதாக வந்தவர், போன மாதம் வந்து கூரை எத்தனை வருஷத்துக் கூரை என்று கேட்டாரே, ஊருக்குப் புதுசு பேச ஆளில்லாமல் பேசுகிறார் என்று காப்பி போட்டுக் கொடுத்தேனே, என் காப்பியைக் குடித்துக்கொண்டே என் கூரைக்கு விலை போட்டிருக்கிறார். அவர் மேல் தப்பில்லை, அவரை அனுப்பியவன் நீ. ஊரில் கடைக்குத் தெரியும், டோமினோ மேசைக்குத் தெரியும், ஒலிம்பியாவுக்குத் தெரியும். எனக்கு முடிவெட்டுகிறவன் சொல்லித் தெரிகிறது. ஆட்டக்காரனை மாற்றிக் கொடுக்கிற மாதிரி என்னை மாற்றிக் கொடுத்துவிட்டாய் ரதாமேஸ். பாயானோ மேல் எனக்குப் பத்தொன்பது வருஷக் கோபம், ஆனால் அந்த நிமிஷம் பல் வைத்தியரின் நாற்காலியில் வாயைத் திறந்துகொண்டு கிடந்தவன் எனக்குத் தெரிந்தான். சிலோ பக்கம் திரும்பினேன். "டேய் சிலோ, பாயானோ அயோக்கியன். அதைச் சொல்ல எனக்கு உரிமை இருக்கு. கிழவன்னு மட்டும் நீ சொல்லாத" என்றேன். வெந்துரா குழம்பிப்போய், "இப்ப நீங்க எந்தப் பக்கம் தோன்யா?" என்று கேட்டான். என் பக்கம் என்று சொல்லிவிட்டு, மேசையில் இருந்த கட்டைகளை எல்லாம் கையால் கலைத்துவிட்டு வந்தேன். வெந்துரா ஜெயிக்கிற நிலைமையில் இருந்தானாம், இன்னும் முணுமுணுக்கிறான். சீட்டை ஒலிம்பியா மாதா படத்துக்குப் பின்னால் ஒளித்து வைத்திருந்தாள். மாதாவையும் இதில் கூட்டுச் சேர்த்திருக்கிறாள்.

நேற்று ஞாயிறு, நாலு மணி ஆட்டம், பாயானோதான் எறியப்போகிறான் என்றார்கள். நான் போனேன். அவனைப் பார்த்துச் சொல்ல வேண்டியதைச் சொல்லாமல் வீட்டில் உட்கார முடியவில்லை. என்னைத் தனியாக விடப் பயந்து ஒலிம்பியாவும் வந்தாள், வெந்துராவின் வண்டியில் வெங்காய மூட்டைகளோடு உட்கார்ந்து போனோம். அவன் வேலி ஓரம் கையைச் சூடு பண்ணிக்கொண்டிருந்தான். தலை முக்கால்வாசி நரைத்திருக்கிறது, தொந்தியும் இருக்கிறது. கம்பியைப் பிடித்துக்கொண்டு, "பாயானோ! எழுபத்தொண்ணு ஜனவரி! நீ குனிஞ்சு போட்ட வணக்கத்துல என் பிள்ளைக்கு மூணு நாள் ஜுரம்!" என்று கத்தினேன். அவன் பந்தைக் கக்கத்தில் வைத்துக்கொண்டு பக்கத்தில் வந்தான். "தோன்யா, இந்த ஊருக்கு வந்து மூணு நாள் ஆகுது, இதைச் சொன்னதுல நீங்க பத்தாவது ஆள். உங்க பிள்ளைக்கு ஜுரம்தான். ரொட்டிக் கடைக்காரர் வீட்டுல நாயே செத்துப்போச்சாம்" என்றான். ஒலிம்பியா சிரித்துவிட்டாள், அவளை முறைத்தேன். மன்னிப்புக் கேள் என்றேன். "மாட்டேன் தோன்யா. நான் பொறந்ததுல இருந்து நல்லா எறிஞ்ச நாள் அதுதான், அதுக்குப் போய் மன்னிப்புக் கேப்பேனா?" என்றான். எத்தனையோ பேர் என்னிடம் மன்னிப்புக் கேட்டிருக்கிறார்கள், கேட்டுவிட்டு மறுபடி அதையே செய்திருக்கிறார்கள். இவன் மாட்டேன் என்றான். இன்றைக்கு மோசமாக எறிந்தால் வேலியைத் தாண்டி வருவேன் என்று மிரட்டினேன். "உங்களால வேலி தாண்ட முடியுமா?" என்றான். "உன்னால ஏழு சுத்து எறிய முடியுமா?" என்றேன். புதிதாகப் பல் பிடுங்கிய ஓட்டை தெரியச் சிரித்துவிட்டுப் போனான்.

எறிந்தான் மகனே. சிலோ சொன்னதும் பொய்யில்லை, பந்து மெதுவாகத்தான் வந்தது, ஆனால் வருகிற வழியில் எங்கேயோ நின்று யோசித்துவிட்டு வந்தது. எதிர் அணிப் பையன்கள் பந்து வருமுன்னே மட்டையைச் சுற்றிவிட்டு ஒருத்தர் முகத்தை ஒருத்தர் பார்த்தார்கள். ஏழாவது சுற்று, நமக்கு இரண்டு ஓட்டம், அவர்களுக்கு ஒன்று. இரண்டு பேர் அவுட், ஆனால் மூன்று தளத்திலும் அவர்கள் ஆள். நம் மேனேஜர் வேறு ஆளை எறிய வைக்க எழுந்து போய்ப் பந்தைக் கொடு என்று கையை நீட்டினார். பாயானோ பந்தைக் கையுறைக்குள் வைத்து முதுகுக்குப் பின்னால் மறைத்துக்கொண்டான், மிட்டாயை ஒளிக்கிற குழந்தை மாதிரி. மைதானம் முழுக்க எடு எடு என்று கூச்சல், இரண்டு வரிசை பின்னாலிருந்து சிலோ தொண்டை கிழியக் கத்துகிறான். நான் பெஞ்சின் மேல் ஏறி நின்றேன். ஒலிம்பியா பாவாடையைப் பிடித்து இழுக்கிறாள், விழுந்துடுவே விழுந்துடுவே என்கிறாள். "விடுங்கய்யா அவனை! அவன் கையிலதானே பந்து இருக்கு, அவனைக் கேளுங்கய்யா!" என்று கத்தினேன். மேனேஜருக்கு நான் கத்தியது கேட்டிருக்காது. ஏதோ பேசினார், தலையைச் சொறிந்தார், வெறுங்கையோடு திரும்பி நடந்தார். அடுத்து வந்தவன் மூன்றாவது பந்தை அடித்தான், நம் ஆள் கைக்கு மேலே ஒரு சாண் உயரத்தில் போய் விழுந்தது, இரண்டு பேர் ஓடி வந்துவிட்டார்கள். அதற்கப்புறம் நமக்கு ஓட்டமே வரவில்லை, மூன்றுக்கு இரண்டு என்று தோற்றோம். பதினெட்டாவது தோல்வி. சுற்று முடிந்து பாயானோ தலையைக் குனியாமல் நடந்து வந்தான், ஜனம் காகிதக் கோப்பைகளை வீசியது. நான் கை தட்டவில்லை. அவனுக்குத் தட்ட என் கைக்கு இன்னும் மனசில்லை. ஆனால் அவன் உள்ளே போகிறவரை எழுந்து நின்றேன். வாசலில் சிலோ வந்து, "பார்த்தீங்களா தோன்யா, நான் சொன்னேன்ல?" என்றான். "பார்த்தேன். அடுத்த ஞாயித்துக்கிழமையும் வந்து பார்ப்பேன்" என்றேன்.

இப்போது உன் விஷயம். செப்டம்பரில் நான் கொல்லையில் விழுந்தது உண்மை. வெந்துரா மனைவி வந்து பார்க்கும்வரை ஒரு மணி நேரம் அங்கேயே கிடந்தேன், அதுவும் உண்மை. பயந்தேன், அதை யாரிடமும் சொல்லவில்லை, உனக்கு எழுதுகிறேன். நாளைக்கும் விழலாம். நீ நல்லதுக்குத்தான் செய்தாய், அதுவும் தெரியும். ஆனால் யோசித்துப் பார், நீயும் உன் மனைவியும் நகைத் தொழிற்சாலைக்குப் போன பிறகு, குழந்தைகள் பள்ளிக்கூடம் போன பிறகு, உங்கள் பிராவிடன்ஸ் ஊரில் மூன்றாம் மாடியில் நான் விழுந்தால் யார் வந்து பார்ப்பார்கள்? அங்கே என் குரல் யாருக்குத் தெரியும்? இங்கே ஒரு நாள் நான் சண்டை போடாவிட்டால் என்ன ஆச்சு என்று நாலு பேர் வந்து கதவைத் தட்டுகிறார்கள். நான் வரவில்லை. ஜனவரியிலும் வரவில்லை, அதற்கப்புறமும் வரவில்லை. வீடு என் பேரில் இருக்கிறது, விற்பதாக இருந்தால் கையெழுத்துப் போட வேண்டியவள் நான், அவ்வளவு எழுத எனக்குத் தெரியும். சீட்டை இந்த உறையிலேயே வைத்திருக்கிறேன். பெயரை மாற்றித் தருவார்களா என்று கேட்டுப் பார், தந்தால் நீ வா. வந்து கொல்லைப் படிக்குப் பக்கத்தில் பிடித்துக்கொள்ள ஒரு இரும்புக் குழாய் நட்டுவிட்டுப் போ, அது எனக்கு வேண்டும், அதை வாய்விட்டுக் கேட்கிறேன். இனிமேல் என்னைப் பற்றிப் பேசுவதாக இருந்தால் என்னிடம் பேசு. வெந்துராவிடம் அரிசி விலையைப் பற்றிப் பேசு. இந்தக் கோபம் எனக்கு எத்தனை நாள் இருக்கும் என்று கேட்காதே, பாயானோவைக் கேள்.

சின்னவளுக்கு இருமல் என்று எழுதியிருந்தாயே, வெங்காயச் சாறும் தேனும் கொடு, அந்த ஊர் மருந்தை மட்டும் நம்பாதே. பெரியவனுக்கு நம் பாஷை மறக்காமல் பார்த்துக்கொள். இரண்டு பேருக்கும் என் முத்தம், கடவுளும் மாதாவும் உங்கள் நால்வரையும் கைவிடாமல் இருக்கட்டும். இன்று காலை கொல்லையில் நாலு வாழைக்கன்று நட்டேன், ஒலிம்பியா மண்வெட்டியைப் பிடுங்கப் பார்த்தாள், விடவில்லை. கை கழுவிக்கொண்டிருக்கும்போது வாத்தியார் வந்தார், வெள்ளிக்கிழமை கடையில் நடந்தது அவர் காதுக்குப் போகவில்லை போலிருக்கிறது, எப்போது காலி பண்ணுகிறீர்கள் என்று மரியாதையாகக் கேட்டார். தார் விடப் பத்து மாதம் ஆகும், வெட்டுகிற அன்றைக்கு வாருங்கள், ஒரு சீப்பு தருகிறேன் என்றேன்.

உன் அம்மா,
எர்சிலியா