புதன்கிழமைத் தேதி

அன்புள்ளவளுக்கு,

இங்கே சாப்பாடு பரவாயில்லை. முட்டிவலியும் குறைந்திருக்கிறது. போனில் பேசினால் உன் குரலை நம்பிவிடுவேன்; அதனால்தான் எழுதுகிறேன்.

சுரங்கத்தில் விஷவாயுவைச் சோதிப்பதே இல்லை என்பது தொழிலாளிகளின் புகார். தினமும் சோதிப்பதாகச் சாதிக்கிறார் மேற்பார்வையாளரான உன் அண்ணன். சொந்தக்காரர் விவகாரம், இந்த ஆய்வை வேறு ஆய்வாளர் செய்யட்டும், நான் விலகிக்கொள்கிறேன் என்றபோது, "நீங்களே போங்க, அண்ணனுக்கும் நல்லது" என்றாய்.

புதன்கிழமை திடீர் ஆய்வு என்று வைத்திருந்தேன். ஏனோ மனசு உறுத்தியது. செவ்வாய்க்கிழமையே கீழே இறங்கிவிட்டேன்.

வாயுவைச் சோதித்தவர் தேதி போட்டுக் கையெழுத்திடும் பலகை அங்கே தொங்குகிறது. 'வாயு இல்லை' என்று சாக்பீஸில் எழுதி உன் அண்ணன் கையெழுத்திட்டிருந்தார். தேதி மட்டும் மறுநாளுடையது.

"கை தவறிப்போச்சு மாப்ள" என்று சிரித்தார். அந்தப் பலகையை நம்பி நாற்பது பேர் உள்ளே வெட்டிக்கொண்டிருந்தார்கள்.

கை தவறலாம்தான். ஆனால் புதன்கிழமை என்று உன்னிடம் மட்டும்தான் சொல்லியிருந்தேன்.

பலகையைப் பற்றி அறிக்கையில் எழுதிவிட்டேன். தகவல் எப்படிக் கசிந்தது என்ற இடம் காலியாக இருக்கிறது. வேறு யாரிடமாவது நான் உளறினேனா என்று யோசித்து எழுது. பொய்யாக இருந்தாலும் நம்பிவிடுகிறேன்.

இன்னமும்,
உன் வீட்டுக்காரன்